மான் கேமராவில் விழவில்லையா? அறிகுறியைப் பார்த்துக் கோளாறைக் கண்டுபிடியுங்கள்

கடலூர், புதுச்சேரிப் பக்கத்திலிருந்து சத்தியமங்கலம், முதுமலை போன்ற மலைக்காடுகளுக்கு வனத்துறை அனுமதியோடு டிரெயில் கேமரா (மரத்தில் கட்டிவைத்தால், விலங்கு முன்னால் வரும்போது தானாகப் படம் எடுக்கும் கேமரா) கொண்டுபோகிற மாணவர்களும் ஆர்வலர்களும் கேட்கும் கேள்விகளைக் கேட்டாலே கோளாறு எங்கே என்று பாதி தெரிந்துவிடும். பெரும்பாலும் கோளாறு மானிடம் இருக்காது. முந்திரித் தோப்பில், கடலோர வெக்கையில் சரிபார்த்த கேமராவை அதே செட்டிங்கோடு குளிர்ந்த மலையில் கட்டிவிடுவதால்தான் முக்கால்வாசிச் சிக்கல் வருகிறது. கீழே அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறோம். உங்கள் அறிகுறி எதுவோ அங்கே நேராகப் போகலாம். ஆனால் தீனி பற்றிய அடுத்த பத்தியை யாரும் தாண்ட வேண்டாம்.

தீனி, உப்புக்கட்டி, வாசனைத் திரவம்: எதுவும் வேண்டாம்

வெளிநாட்டு வீடியோக்களில் மக்காச்சோளம் கொட்டுகிறார்கள், உப்புக்கட்டி வைக்கிறார்கள், பெண்மானின் சிறுநீர் என்று பாட்டிலில் விற்பதைத் தெளிக்கிறார்கள். நம் நாட்டில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், தீனி காட்டி விலங்கை வரவழைப்பதையும் வேட்டை என்ற சொல்லுக்குள்ளேயே அடக்குகிறது. படம் எடுக்கத்தான் வைத்தேன் என்று சொல்லித் தப்ப முடியாது. சட்டத்தை விட்டாலும் காரணம் இருக்கிறது. ஒரே உப்புக்கட்டியைப் பத்து மான் நக்கினால் ஒன்றின் நோய் பத்துக்கும் போகும். மேயவரும் மாடும் அதே கட்டியை நக்கினால் கோமாரி காட்டுக்குள் போக வழி திறந்துவிடுகிறது. வட அமெரிக்காவிலேயே மான்களுக்கு வரும் ஒரு மூளை நோய்க்குப் பயந்து பல மாநிலங்கள் தீனி வைப்பதைத் தடை செய்திருக்கின்றன. மான் கூடும் இடத்தில் செந்நாயும் சிறுத்தையும் காத்திருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

ஆகவே மானை வரவழைப்பது என்று இங்கே சொன்னால், அது ஏற்கெனவே வருகிற இடத்தைக் கண்டுபிடித்துக் கேமராவை அங்கே கொண்டுபோவது என்று மட்டுமே பொருள்.

‘ஒரு மாதம் வைத்தும் மானே இல்லை, மாடு, குரங்கு, மனிதர் மட்டும்’

மற்றவை விழுகின்றன என்றால் கேமரா நன்றாக இருக்கிறது, இடம்தான் தப்பு. ஜீப் பாதையும் மாட்டுத் தடமும் நமக்கு வசதி என்பதால் அங்கேயே கட்டுகிறோம். மான் அவற்றைக் குறுக்கே கடக்குமே தவிர, அதிலேயே நெடுகிலும் நடப்பது குறைவு.

முதலில் தடம் பாருங்கள். புள்ளிமானின் குளம்படி சுமார் 5 சென்டிமீட்டர் நீளம், முன்பக்கம் கூர்மையாக இருக்கும். கடமானுடையது அதைவிட நன்றாகப் பெரிது. காட்டுப்பன்றியின் அடியோடு குழப்பிக்கொள்கிறவர்கள் அதிகம். பன்றியின் தடத்தில் பிரதான குளம்புகளுக்குப் பின்னால், சற்று வெளித்தள்ளி, இரண்டு சின்னப் புள்ளிகள் பதிந்திருக்கும். மானுக்கு அவை சேற்றிலோ ஓட்டத்திலோதான் பதியும். வெள்ளாட்டின் அடி புள்ளிமானுடையது போலவே தெரியும் என்பதால் ஊருக்கு அருகில் அடித்தடத்தை மட்டும் நம்பாதீர்கள். புழுக்கையின் குவியல், கொம்பு தேய்த்துப் பட்டை உரிந்த மரம், ஒரே உயரத்தில் கடித்துவிட்ட இலை ஆகியவற்றையும் சேர்த்துப் பாருங்கள். மரத்தில் உரிந்த இடம் இடுப்புக்கு மேல் இருந்தால் கடமானாக இருக்க வாய்ப்பு அதிகம்.

இடத்தைக் காலத்தோடு சேர்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். மாசி முதல் வைகாசி வரை ஓடைகள் வற்றும்போது மிஞ்சியிருக்கும் குட்டைக்கு எல்லாம் வந்துதான் தீரும், அங்கே கட்டுங்கள். மழை பெய்து எங்கும் தண்ணீர் இருக்கும்போது குட்டைக் கரையில் வைத்தால் கார்டு காலியாகவே திரும்பும். அப்போது இரண்டு சரிவுகள் சந்திக்கும் தாழ்வான இடை, ஓடையைக் கடக்கும் துறை, இரண்டு ஒற்றையடித் தடங்கள் சேரும் முனை ஆகியவையே நல்ல இடங்கள். புள்ளிமான் வேண்டுமானால் புல்வெளியும் மரமும் சேரும் ஓரம். கடமான் பெரும்பாலும் இரவில் நடமாடும், மூடிய சரிவை விரும்பும். கேளையாடு (பெயரில் ஆடு இருந்தாலும் இதுவும் மான்தான்) தனியாகத் திரியும், அடர்ந்த புதரோரம் பாருங்கள். இயற்கையான உப்பு மண் இருக்கும் இடம் தெரிந்தால் அதைவிட நல்லது எதுவும் இல்லை. ஆனால் அதன் விளிம்பில் கட்டாமல் அங்கே போகும் தடத்தில், சற்றுத் தள்ளிக் கட்டுங்கள்.

கட்டிய பிறகு மூன்று வாரமாவது விடுங்கள். நான்காம் நாளே போய்ப் பார்த்து, இடம் மாற்றி, மறுபடி நான்காம் நாள் போவது மானுக்கு நம் நடமாட்டத்தைப் பழக்குவதைத் தவிர வேறெதுவும் செய்யாது.

‘கேமரா முன்னாலேயே குளம்படி இருக்கிறது, படம் மட்டும் இல்லை’

இதுதான் அதிகம் வரும் கோளாறு, அதிகம் தப்பாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான். இந்தக் கேமராவில் இருக்கும், வெப்பத்தை உணரும் பிஐஆர் சென்சார் மானைப் ‘பார்ப்பதில்லை’. அதன் முன்னாலுள்ள பகுதி விசிறி மடிப்பு போலப் பல பட்டைகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. பின்னணியைவிடச் சூடான, அல்லது குளிர்ந்த, ஒன்று ஒரு பட்டையிலிருந்து அடுத்த பட்டைக்கு நகர்ந்தால்தான் அது விழித்துக்கொள்ளும். ஆகவே வெப்ப வித்தியாசமும் குறுக்கு நகர்வும் இரண்டும் வேண்டும்.

சித்திரை, வைகாசியில் கடலூரில் பகல் 38, 40 டிகிரி போகிறது. மானோ ஆடோ, அதன் மேல்தோலின் வெப்பமும் சுற்றுப்புற வெப்பமும் அப்போது கிட்டத்தட்ட ஒன்றாகிவிடும். செம்மண் தரை அதைவிடச் சூடாக இருக்கும். அந்த நேரத்தில் கேப்பர் மலைத் தோப்பில் சோதித்துவிட்டு, சென்சார் மந்தம் என்று அதன் உணர்திறனை ‘ஹை’யில் வைத்து மலைக்குக் கொண்டுபோகிறார்கள். மலையில் இரவு 15 டிகிரியில் அதே ‘ஹை’ காற்றாடும் இலைக்கெல்லாம் அடித்து, கார்டு நிறைந்து, பேட்டரியும் தீர்ந்த பிறகு மான் வருகிறது. படம் இல்லாததற்குச் சென்சார் மந்தமாக இருப்பது காரணமே அல்ல. மலைக்கு ‘மீடியம்’ வைத்துத் தொடங்குங்கள். சமவெளியில் கோடைப் பகலுக்கு மட்டும் ‘ஹை’.

சரிபார்க்க வேண்டியவற்றை இந்த வரிசையில் பாருங்கள்:

1. கார்டு நிறைந்திருக்கிறதா, பூட்டு விசை கீழே இறங்கியிருக்கிறதா. கேமராவிலேயே ஃபார்மட் செய்யுங்கள், கணினியில் செய்தது சில கேமராக்களுக்கு ஒத்துவராது. பழைய மாடல்கள் 32 ஜிபிக்கு மேல் ஏற்காது.

2. ‘டைமர்’ மோடு ஏதாவது ஆன் ஆகியிருக்கிறதா. பகலில் மட்டும் வேலை செய் என்று முந்தைய ஆள் வைத்துவிட்டுப் போயிருப்பார்.

3. இரண்டு படங்களுக்கு நடுவே இடைவெளி எவ்வளவு. 5 நிமிடம் என்று இருந்தால் கூட்டத்தின் முதல் மானோடு முடிந்தது. 10 முதல் 30 விநாடி போதும்.

4. உயரம். புள்ளிமானுக்குத் தோள் உயரம் ஏறக்குறைய 90 சென்டிமீட்டர். லென்ஸ் 70 முதல் 80 சென்டிமீட்டரில், தரைக்கு இணையாக இருக்கட்டும். மிகச் சிறிய மானான சருகுமானுக்கு 30 சென்டிமீட்டர் அளவுக்கு இறக்க வேண்டும். சரிவில் கட்டும்போது மரத்தடியிலிருந்து அளக்காதீர்கள், மான் நடக்கும் தடத்திலிருந்து அளந்துகொள்ளுங்கள். மேட்டு மரத்தில் கட்டிய கேமரா மானின் முதுகுக்கு மேலே வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

5. கோணம். தடத்தை நேரே நோக்கிக் கட்டினால் மான் நம்மை நோக்கி வரும், பட்டைகளைக் குறுக்கே வெட்டாது, மிக நெருங்கிய பிறகே சென்சார் விழிக்கும். தடத்துக்குச் செங்குத்தாகக் கட்டினால் நன்றாக விழித்துக்கொள்ளும், ஆனால் மான் படச் சட்டத்தைத் தாண்டிவிடும். தடத்துக்கு 45 டிகிரியில், தடத்திலிருந்து 4 முதல் 6 மீட்டர் தள்ளி.

இந்தக் கோணச் சோதனையை ஊரிலேயே செய்துவிடலாம். முந்திரித் தோப்பில் வண்டிப்பாதை ஓரம் கேமராவைக் கட்டி, ஒரு வெள்ளாட்டைக் கயிற்றோடு நடத்திக்கொண்டு போங்கள். பெரிய வெள்ளாடு உடலளவில் கேளையாட்டுக்குக் கிட்டே வரும். விடியற்காலையில், வெக்கை ஏறும் முன், 3, 6, 10 மீட்டரில் குறுக்கேயும் நேராகவும் நடத்தி எந்தெந்தத் தூரத்தில் படம் விழுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஆட்டை நடத்துகிறவர் கயிற்றை நீளமாக விட்டு எட்டியே நிற்க வேண்டும், இல்லாவிட்டால் சோதிப்பது அவருடைய உடல் சூட்டைத்தான். பெட்டியில் 20 மீட்டர் என்று அச்சிட்டிருக்கலாம். உங்கள் ஆட்டுக்குக் கிடைத்த தூரத்தையே நம்புங்கள்.

‘வால் மட்டும் விழுகிறது’

விழித்துக்கொள்ளும் வேகம் குறைவு. அரை விநாடிக்கு மேல் எடுக்கும் கேமரா என்றால் தடத்திலிருந்து இன்னும் இரண்டு மீட்டர் பின்வாங்குங்கள், ஒரு தடவைக்கு 3 படம் என்று வையுங்கள். வீடியோ மோடில் இன்னும் தாமதமாகும். குட்டைக் கரை, உப்பு மண் போல மான் நின்று நிதானிக்கும் இடத்துக்கு மெதுவான கேமராவை ஒதுக்கிவிட்டு, வேகமானதைத் தடத்துக்கு வைப்பதே சரியான பங்கீடு.

‘ஆயிரக்கணக்கில் காலிப் படம்’

அழித்துவிடாதீர்கள். காலிப் படங்களின் நேரத்தை வரிசையாகப் பாருங்கள், காரணம் அதிலேயே எழுதியிருக்கும்.

பகல் 11 முதல் 3 வரை குவிந்திருந்தால், வெயிலில் காய்ந்த பாறையோ புல்லோ காற்றில் அசையும் கிளையின் நிழலோடு சேர்ந்து சென்சாரை ஏமாற்றுகிறது. முன்னால் 4 மீட்டர் வரை நீட்டிக்கொண்டிருக்கும் புல், கொடி, தொங்கும் கிளையை மட்டும் ஒதுக்குங்கள். கட்டிவைத்தால் போதும், காப்புக்காட்டில் செடி வெட்ட வேண்டாம். காலை 6 முதல் 7, மாலை 5 முதல் 6 மட்டும் என்றால் கேமரா கிழக்கையோ மேற்கையோ பார்க்கிறது. வடக்கே திருப்புங்கள். நம் அட்சரேகையில் மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்து போகும், ஆகவே தெற்கைவிட வடக்கு நல்லது. இரவு பகல் இல்லாமல் பரவலாக இருந்தால் கேமரா கட்டிய மரமே ஆடுகிறது. நம்மூர்ச் சவுக்குத் தோப்பில் இதைக் கண்கூடாகப் பார்க்கலாம்: கை மொத்தமுள்ள சவுக்கில் கட்டினால் ஆடிக் காற்றில் ஒரே நாளில் கார்டு நிறைந்துவிடும். மலையிலும் தொடை மொத்தத்துக்குக் குறையாத மரத்தையே தேடுங்கள்.

இன்னொன்று உண்டு. சில கேமராக்களில் சென்சார் பார்க்கும் அகலம் லென்ஸ் பார்க்கும் அகலத்தைவிட அதிகம். மான் படச் சட்டத்துக்கு வெளியே நிற்கும்போதே படம் எடுத்துவிட்டு, உள்ளே வரும்போது இடைவெளியில் தூங்கிக்கொண்டிருக்கும். சென்சாரின் வெள்ளைக் குமிழ்க் கண்ணாடியின் இரு ஓரத்திலும் சில மில்லிமீட்டர் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டினால் அகலம் குறையும். ஒட்டிய பிறகு ஆட்டுச் சோதனையை மறுபடி செய்யுங்கள்.

‘இரவில் வெள்ளை மொத்தை, அல்லது ஒரே இருட்டு’

வெள்ளையாக வெளிறினால் மான் 2 மீட்டருக்குள் வந்துவிட்டது, அல்லது கேமரா அருகில் இருக்கும் ஒரு இலை ஃபிளாஷ் ஒளியைத் திருப்பி அடிக்கிறது. சிலந்தி வலையும் இதையே செய்யும். இலையை ஒதுக்கியும் வெளிறினால், இன்ஃப்ராரெட் விளக்குகளின் பாதியை மங்கலான வெள்ளை டேப்பால் மூடுங்கள். இந்த வெள்ளை டேப் சென்சார் மேல் படக்கூடாது. மலைப்பனி இறங்கும் இரவுகளில் முழுப்படமும் பால் போல இருக்கும், அதற்கு மருந்து இல்லை.

இருட்டாக இருந்தால் முதலில் பேட்டரி செல்லைச் சந்தேகப்படுங்கள். ஃபிளாஷுக்குத்தான் அதிக மின்சாரம் தேவை, பலம் குறைந்த செல் பகல் படத்தை நன்றாகவே எடுத்துவிட்டு இரவில் கைவிடும். செல் புதிது என்றால் விளக்கின் வகையைப் பாருங்கள். 940 நானோமீட்டர் விளக்கு கண்ணுக்குத் தெரியாது, ஆனால் எட்டும் தூரம் குறைவு. 850 நானோமீட்டர் தூரம் எட்டும், ஆனால் மெல்லிய சிவப்பாகத் தெரியும்.

‘மான் நேராகக் கேமராவைப் பார்த்துவிட்டு ஓடுகிறது, பிறகு வருவதே இல்லை’

அந்தச் சிவப்பைக் கவனித்திருக்கலாம். படம் எடுக்கும்போது உள்ளே ஒளி வடிகட்டி நகரும் ‘டிக்’ சத்தத்தையும் கேட்டிருக்கலாம். ஆனால் பெரும்பாலும் வாசனைதான். கொசு விரட்டி, சென்ட், பீடி, வியர்வை எல்லாம் கேமராவை மரத்தில் கட்டும் பட்டையில் ஏறியிருக்கும். பட்டையை வெறும் தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்திக் கொண்டுபோங்கள். மான் தடத்திலேயே நடந்து போய்க் கட்டாமல் பக்கவாட்டிலிருந்து அணுகுங்கள். 940 விளக்குள்ள கேமராவுக்கு மாறுவது உதவும். ஒரு மான் அருகே வந்து லென்ஸை மோந்து பார்க்கும் படம் கிடைத்தால் பயப்பட ஒன்றுமில்லை, புதுப் பொருளைச் சோதிக்கிறது, அவ்வளவுதான்.

‘ஒரு வாரத்தில் பேட்டரி தீர்ந்துவிட்டது’

காலிப் படங்கள் அதிகமா என்று முதலில் பாருங்கள், அதுதான் முக்கியக் காரணம். அடுத்து இரவு வீடியோ. 30 விநாடி வீடியோ முழுக்க ஃபிளாஷ் எரிகிறது. 10 விநாடியாகக் குறையுங்கள்.

செல்லில் பழையதையும் புதியதையும் கலக்கவே கூடாது. பலமற்ற ஒரு செல் மற்றவற்றையும் இழுத்து, கடைசியில் கசிந்து தகட்டை அரித்துவிடும். இரவு மோடில் ஒரு படம் எடுக்கவைத்துவிட்டு உடனே ஒவ்வொன்றாக மல்டிமீட்டரில் அளந்தால் எது நோஞ்சான் என்று தெரியும். ஆல்கலைன் செல் 1.3 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் மலைக்குக் கொண்டுபோகாதீர்கள். ரீசார்ஜ் செல் ஒன்றுக்கு 1.2 வோல்ட்தான் என்பதால் சில கேமராக்கள் முழு சார்ஜிலும் ‘லோ’ காட்டும். காட்டினாலும் வேலை செய்கிறதா என்று வீட்டில் இரண்டு இரவு ஓட்டிப் பாருங்கள். குளிரில் ஆல்கலைன் செல்லின் பலம் குறையும். தை மாதத்தில் நீலகிரி உயரங்களுக்குப் போவதென்றால் லித்தியம் ஏஏ செல் விலைக்குத் தகும்.

‘லென்ஸுக்கு உள்ளே நீர் கோத்திருக்கிறது’

கடலோரக்காரர்களுக்கே உரிய கோளாறு இது. புதுச்சேரியில் 30 டிகிரி வெப்பத்தில், 80 சதவீத ஈரப்பதத்தில் கேமராவைத் திறந்து செல் போட்டு மூடுகிறீர்கள். அந்தக் காற்று உள்ளே அடைபடுகிறது. அது சுமார் 26 டிகிரிக்குக் கீழே குளிர்ந்தாலே நீராகும். மலையில் முதல் இரவே 15 டிகிரி. கேமராவுக்குள் மழை பெய்ததாக நினைத்து ரப்பர் வளையத்தைக் குறை சொல்கிறோம், நீர் நாம் ஊரிலிருந்து கொண்டுபோனது.

செய்ய வேண்டியது: கிளம்புவதற்கு முன் ஏசி அறையில் இரண்டு மணி நேரம் கதவைத் திறந்துவைத்து, அங்கேயே செல், கார்டு, 5 கிராம் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போட்டு மூடுங்கள். மலையில் வெயில் நேரத்தில் தவிரத் திறக்காதீர்கள். நீல நிற ஜெல் இளஞ்சிவப்பாக மாறினால் ஈரம் ஏறிவிட்டது, மாற்றுங்கள். கண்ணாடிக்கு வெளியே விடியற்காலையில் படியும் பனி வேறு, அதற்கு ஜெல் உதவாது. லென்ஸுக்கு மேல் 3 சென்டிமீட்டர் நீட்டிய சிறு கூரை கொஞ்சம் குறைக்கும்.

ஊரில் சும்மா இருக்கும் மாதங்களில்தான் உப்புக்காற்று தன் வேலையைச் செய்யும். செல்லைக் கழற்றிவிட்டு, ரப்பர் வளையமுள்ள டப்பாவில் 50 கிராம் ஜெல்லோடு வையுங்கள். வளையத்தில் சிலிக்கான் கிரீஸ் மெல்லியதாகத் தடவுங்கள், சமையல் எண்ணெய் வேண்டாம், எறும்பு வரும். தகட்டில் வெள்ளைப் பூப்பு இருந்தால் வினிகர் தொட்ட பஞ்சால் துடைத்து, பிறகு ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்து உலரவிடுங்கள். பச்சைப் பூப்பு ஏறி வில் (ஸ்பிரிங்) உடைந்திருந்தால் மாற்றத்தான் வேண்டும்.

‘தேதி தப்பு’

செல் மாற்றும்போது கடிகாரம் அழிந்திருக்கும். நாள், மாத வரிசை மாறியிருந்தாலும் 5ஆம் தேதி ஜூன் என்பது மே 6 ஆகிவிடும். கட்டியவுடன் முதல் படமாக உங்கள் கைபேசியின் கடிகாரத்தைக் கேமரா முன் காட்டுங்கள். பிறகு தப்பு தெரிந்தாலும் கழித்துக் கணக்கிட்டுச் சரிசெய்யலாம்.

‘கேமராவையே காணோம்’

யானை பிடுங்கிப் போட்டிருந்தால் அருகில் 20 மீட்டருக்குள் தேடுங்கள், கார்டு பெரும்பாலும் தப்பியிருக்கும். இரும்புப் பெட்டியும் கம்பிப் பூட்டும் குரங்குக்கும் திருட்டுக்கும் உதவும், யானைக்கு உதவாது. யானைத் தடத்தைவிட்டு விலகிக் கட்டுவதே வழி.

‘மனிதர்கள் விழுகிறார்கள்’

விறகு, தேன், நெல்லிக்காய் எடுக்க வரும் மலைவாழ் மக்கள் அவர்களுடைய பாதையில்தான் நடக்கிறார்கள். குட்டையில் குளிக்கும் இடமாக இருந்தால் அங்கே கேமராவே கூடாது. கட்டுவதற்கு முன் ஊரில் சொல்லி, எந்த மரத்தில் என்று காட்டிவிடுங்கள். இடத்தைப் பற்றி அவர்கள் சொல்வது நம் கணக்கைவிடப் பெரும்பாலும் சரியாக இருக்கும். விழுந்த மனிதப் படங்களை யாருக்கும் அனுப்பாமல் அழித்துவிடுங்கள். துப்பாக்கியோ கண்ணியோ தெரிந்தால் மட்டும் கார்டோடு வனச்சரகரிடம் கொடுங்கள். மான் படத்தைப் பகிரும்போதும் இடக்குறிப்பை நீக்கிவிட்டே பகிருங்கள். கொம்புள்ள கடமான் நிற்கும் குட்டை எது என்று தெரிந்துகொள்ள நினைப்பவர்களும் அந்தப் படத்தைப் பார்ப்பார்கள்.